அரை ஏக்கர் அமைதி

அன்றைக்கு வயல் வட்டையில் நின்றவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மச்சானான அவளுடைய அண்ணன், நெல் வெட்டு மெசின் ஓட்டிவந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணன், கொழும்பிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, அவளோடு வந்த தம்பி. ஏழாவது ஆள் எவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாக எழுதக் காரணம் இருக்கிறது. அன்று யார் எதற்கு 'ஓம்' சொன்னது என்ற கேள்வி பிறகு வந்தபோது, அந்தப் பக்கமே வராத பத்துப் பன்னிரண்டு பேர் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நின்றது ஆறு பேர். சம்மதித்து 'ஓம்' சொன்னது நான் ஒருவன்.

வெல்லாவெளிக்கு அங்கால் உள்ள அந்த வட்டையில் எனக்கு இரண்டரை ஏக்கர் வயல். கொழும்பிலிருந்து வந்த இருவரும் போட்காஸ்ட் செய்கிறவர்கள். போட்காஸ்ட் என்றால் ரேடியோ மாதிரித்தான், ஆனால் நேரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, போனில் எப்போது தட்டினாலும் பேசும். அவர்களுடையது பறவை, விலங்கு, காடு, வயல், ஊர்ச்சனம் என்று போகும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தவறிப்போன பாடமெல்லாம் இரண்டு வருடமாக அதற்குள்ளால்தான் எனக்கு வருகிறது. மருந்தடிக்கும்போது கேட்பேன், தண்ணீர் கட்டும்போது கேட்பேன். அறிவு வளர்ந்ததோ தெரியாது, பயம் நன்றாக வளர்ந்தது. கண்ணாடி விரியனைப் பற்றிக் கேட்ட கிழமை முழுவதும் வரம்பைத் தடியால் தட்டித் தட்டி நடந்தேன். வாவி முதலையைப் பற்றிக் கேட்டதிலிருந்து தோணியில் நடுவில்தான் இருப்பு. தேனீக்கள் குறைகின்றன என்று கேட்ட அன்று முருங்கைப் பூக்களுக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

ஒரு நாள் அந்தத் தங்கச்சி, கேட்பவர்கள் தங்கள் ஊர்ச் சத்தங்களைப் பற்றிக் குரல் அனுப்பலாம் என்று சொன்னாள். நான் அனுப்பினேன். மெசின் வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டு உள்ளே வர, கதிருக்குள் கிடக்கும் காடையும் எலியும் முயலும் நடுவில் மிஞ்சுகிற துண்டுக்குள் ஒதுங்கும், அந்தத் துண்டுக்குள் ஒரு சந்தையே கூடியிருக்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாலு இரவு நித்திரை இல்லை. முயல் என்று வாய் தவறிவிட்டதே, முயல் பிடிக்கிறவன் என்று நினைத்து விசாரிக்க யாரும் வருவார்களோ என்று யோசனை. ஐந்தாம் நாள் மறுமொழி வந்தது. "அண்ணா, வெட்டு எப்ப? நாங்க வாறோம்."

வெட்டு மாசி முதல் கிழமையில் வந்தது. அதற்கு முதல் நாளே மேற்கில் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. விளைந்த கதிர் மழையில் நனைந்து சரிந்தால் மெசினின் கத்தி அதை அள்ளாது. வெட்டிய நெல் நனைந்தால் வாங்க வருகிறவர் கையில் எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அரை விலை சொல்வார். நாலு மாத உழைப்பு அன்று மத்தியானத்துக்குள் சாக்குக்குள் போயாக வேண்டும். மெசின் கூலி ஏக்கருக்குப் பதினாறாயிரம். காலை எட்டு மணிக்கு வெட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர்களும் வேனில் வந்து இறங்கினார்கள்.

தங்கச்சியின் கையில் ஒரு கோல், கோலின் நுனியில் சாம்பல் நிறத்தில் மயிர் அடர்ந்த ஒரு உருண்டை.

"அது என்னகா புள்ள, பூனைக்குட்டியா?" என்றாள் என் மனைவி.

"மைக் அக்கா. காத்து இரையாம இருக்கத்தான் ரோமம்."

"எங்கட இவருக்கும் ஒண்டு போட்டு விடுங்க. காத்தடிச்சாலே நடுங்குற ஆள்."

பத்து மணிக்கு இரண்டு ஏக்கர் முடிந்துவிட்டது. நடுவில் அரை ஏக்கர் துண்டு நின்றது. கொக்குகள் மெசினுக்குப் பின்னால் ஊர்வலம் போயின. மைனாக்கள் கூச்சல் போட்டன. தங்கச்சி என் அருகில் வந்தாள்.

"அண்ணா, சின்ன உதவி. அஞ்சு நிமிசம் மெசின நிப்பாட்டலாமா?"

நான் மேற்கைப் பார்த்தேன். மேகம் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. 'ஏலாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு வருடமாகக் காதுக்குள் பேசிய குரல் நேரில் வந்து அண்ணா என்று கேட்கிறது. நான் மெசினை நோக்கி நடந்தேன்.

"காக்கா, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவமா?"

"என்னத்துக்கு? கல்லு கெடக்கா?"

"இல்ல. காடை கத்துறதக் கேக்கணுமாம்."

காக்கா என்னைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அண்ணன், இத நிப்பாட்டினா எடுக்காது. பெட்டரி செத்துக் கெடக்கு. காலைல ட்ரக்டர்ல வயர் குடுத்துத்தான் எடுத்த. நான் சோறு தின்னுறதும் ஓட விட்டுத்தான், ஒண்டுக்குப் போறதும் ஓட விட்டுத்தான்."

"அப்ப வேணாமா?"

"வேணாமெண்டு நான் சொல்லல்ல. ஓடின சூட்டுல சில நேரம் எடுக்கும். வயல் ஒங்கட. ஆனா நிக்கிற நேரத்துக்கு மொதலாளி கேட்டா நான் ஒங்களத்தான் காட்டுவன். சரியா?"

"ஓம்," என்றேன்.

திரும்பி வந்தால் தம்பி கேட்டான். "இதால எங்களுக்குச் செலவு ஒண்டும் வராதுதானே அண்ணா?"

"ஓம், ஓம்," என்றேன்.

எஞ்சின் நின்றது. அப்படி ஒரு அமைதியை வெட்டு நாளில் நான் அனுபவித்ததில்லை. தங்கச்சி ஒரு விரலை உயர்த்தியபடி கோலைக் கதிர்ப் பக்கம் நீட்டினாள். எல்லோரும் சிலையாக நின்றோம். காடை கத்தவில்லை. அதுவரை கூச்சல் போட்ட மைனாக்களும் வாயை மூடிக்கொண்டன. கொக்குகள் கழுத்தை நீட்டி எங்களையே பார்த்தன.

"இதுகளுக்கு மெசின் பழக்கம். நிப்பாட்டினதுதான் பயம்," என்று காக்கா மேலிருந்து மெதுவாகச் சொன்னார். தங்கச்சி விரலை இன்னும் உயர்த்தினாள்.

அடுத்ததாகச் சத்தம் போட்டது என் வயிறு. பயந்தால் அது கதைக்கும். தங்கச்சி திரும்பிப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். தள்ளி நின்றேன். வயிறும் கூடவே வந்தது.

ஏழு நிமிடத்தில் அவள் தலையசைத்தாள். காக்கா சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். டிக். மூன்றாம் முறை அதுவும் இல்லை. காக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

காலையில் வயர் கொடுத்த ட்ரக்டர்காரனுக்கு மச்சான் போன் எடுத்தார். அவன் வேறு வட்டையில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தான். "வாறன், வாறன்," என்றான். எங்கள் பக்கத்தில் 'வாறன்' என்றால் போனை வைக்கப்போகிறேன் என்று அர்த்தம். மேகம் பாயளவிலிருந்து, நெல்லை மூடும் படங்கின் அளவுக்கு வந்துவிட்டது. நான் வரம்பின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்தேன். "காலடி கேக்குது அண்ணா," என்றான் தம்பி. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். பறவைகளுக்கு எங்கள் மேலிருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது போல. ஒரு மைனா தொடங்கியது. கதிருக்குள் சருசரு என்று எதுவோ ஓடியது. தங்கச்சியின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குக் கிடைத்தது ஐந்து நிமிட அமைதி இல்லையே, முடிவே இல்லாத அமைதி. அந்த நேரம் தூரத்தில் ட்ர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

மச்சான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டு வரம்புக்குப் பாய்ந்தார். "வந்திட்டான்! மச்சான், வந்திட்டான்!"

பாதை வெறுமையாகக் கிடந்தது. சத்தம் மட்டும் கேட்டது, நிற்கும், தொடங்கும். மச்சான் நெற்றியில் கையை வைத்து நாலு திசையும் பார்த்தார்.

தங்கச்சி ரகசியமாகச் சொன்னாள். "ட்ரக்டர் இல்ல அண்ணா. காடை. இந்த இனத்துல பொட்டைதான் இப்பிடிக் கத்தும். முட்டையில இருந்து அடைகாக்கிறது ஆண்."

"ஆம்புளயா முட்டைல இரிக்கி?" என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பி. "கேட்டீங்களா?"

"மச்சான முட்டைல இருத்தாத," என்றார் அவள் அண்ணன், மேட்டிலிருந்து இறங்கியபடி. "ஒரு நாளைக்கு இருவது தரம் தூக்கிக் குலுக்கிப் பாப்பான். குஞ்சு வராது, கூழ்தான் வரும்."

காக்கா மெசினுக்கு மேல் இருந்து சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். தங்கச்சிக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டாள்.

நாற்பது வருடமாக நடக்கிற வயல்தான். ஆனாலும் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். கதிரோடு கதிர் உரசுவது ஒரு சீலைக்கடையில் துணி விரிப்பது போல் இருந்தது. காடை கத்துவது என் மண்டைக்கு நடுவில் கேட்டது. பிறகு நறுக் நறுக் என்று ஒன்று. எலி. என் நெல்லைத்தான் கொறிக்கிறது. ஒவ்வொரு மணியாக எண்ணலாம் போலிருந்தது. அதையும் தாண்டி, வெகு தூரத்தில், ஒருவர் பெட்டியை இழுப்பது போல ஒரு சத்தம்.

"இடி!" என்று கத்தினேன்.

காடை நின்றது. கொக்குகள் எழும்பிவிட்டன. தம்பி தலையில் கை வைத்தான்.

"ஒண்டுமே கேக்கல்ல. என்ன இடி?" என்றார் மச்சான்.

"இவருக்கு வெறுங்காதுலேயே கேக்கும். இப்ப சாமானும் மாட்டிக் குடுத்தாச்சி," என்றாள் என் மனைவி.

தங்கச்சி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு திறந்தாள். "அண்ணா சொல்றது சரி. இடிதான்."

நான் பயந்த எதற்கும் அதுவரை ஒருவரும் சாட்சி சொன்னதில்லை. ஆனால் பெருமைப்பட நேரம் இல்லை. காற்று திரும்பியிருந்தது, அரை ஏக்கர் கதிரும் ஒரே பக்கமாகத் தலையாட்டியது. மெசின் நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் ட்ரக்டர்காரன் வரவில்லை, இப்போது போனை எடுக்கவும் இல்லை.

"அந்த வேனுக்குள்ள பெட்டரி இல்லையா?" என்றாள் என் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். வேன் கால் மைலுக்கு அப்பால் கிறவல் பாதையில் நின்றது, வயலுக்குள் இறங்காது. தம்பி தயங்கினான். "அது வாடகை வேன், அக்கா."

"வாடகையெண்டு பெட்டரிக்குத் தெரியுமா மனே?"

அவன் ஓடினான். மச்சானும் ஓடினார். சாரத் துண்டைச் சும்மாடாக்கி, பெட்டரியைத் தலையில் வைத்து மச்சான் வரம்பில் நடந்துவந்தது சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. தம்பி இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு பின்னால் வந்தான். காக்கா வயரை மாட்டிச் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. நான் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அமைதி கேட்கவில்லை. தங்கச்சி கோலை வேனுக்குள் வைத்துவிட்டு வந்து சாக்கைப் பிடித்தாள். நானும் தம்பியும் கட்டினோம். மனைவியும் மச்சானும் இழுத்து அடுக்கினார்கள். கடைசிச் சுற்றில் காடை கத்திய மூலைக்கு வந்தபோது காக்கா கத்தியைத் தூக்கி மெசினைத் திருப்பினார். ஒரு பாயளவு கதிர் அப்படியே நின்றது.

"காக்கா, அது?"

"அந்த மூலைல மெசின் திரும்பாது அண்ணன்."

இரண்டு மெசின் திரும்ப இடமிருந்தது. நான் அடுத்த சாக்கைக் கட்டப் போனேன். கடைசிச் சாக்கின் மேல் படங்கை இழுத்துக் கல் வைக்கும்போது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. நெல் நனையவில்லை. நாங்கள் ஆறு பேரும் நனைந்தோம்.

வயல் குடிசையான வாடிக்குள் ஒதுங்கி, மனைவி ஊற்றிய பிளேன்டீயைக் குடிக்கும்போது காக்கா கணக்கைத் தொடங்கினார். "ஒண்டே முக்கா மணித்தியாலம் நிண்டிரிக்கி. மொதலாளிக்கு ஏக்கர்க் கணக்குத்தான் விளங்கும். அந்த நேரத்துக்கு நான் ஒண்டரை ஏக்கர் வெட்டியிருப்பன். ஒங்கட மூஞ்சிக்காக அரை ஏக்கர் போடுறன். எட்டாயிரம்."

"நாங்க கேட்டது அஞ்சு நிமிசம்தானே," என்றான் தம்பி.

"நிக்கச் சொன்னது நீங்க. எழும்பாமக் கெடந்தது அது."

"எங்கட பெட்டரியாலதானே எழும்பிச்சு?"

"அது நியாயம். அதுக்கு ஆயிரம் கழிக்கிறன்."

"செலவு வராதெண்டு அண்ணா சொன்னாரே."

"நிக்கிற நேரம் தன்ட பொறுப்பெண்டு அண்ணன் எனக்கும் சொன்னாரே."

என் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருக்கும் சொன்னீங்களா?"

"ஓம்," என்றேன்.

தம்பி நல்ல பிள்ளை. தங்கச்சியோடு ஒதுங்கிப் போய்க் கதைத்துவிட்டு வந்து மூவாயிரம் ரூபாயைக் காக்காவின் கையில் வைத்தான். மிச்சம் நாலாயிரம் என்மேல் விழுந்தது.

பங்குனிக் கடைசியில் நிகழ்ச்சி வந்தது. வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி இருந்து கேட்டோம். என் நறுக் நறுக் எலியும் வந்தது, காடையும் வந்தது. திடீரென்று "இடி!" என்று ஒரு குரல் வீட்டையே தூக்கிப்போட்டது. வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். இப்போது சந்திக் கடைக்குப் பால்மா வாங்கப் போனாலும் ஒருவன் பின்னாலிருந்து "இடி!" என்கிறான். நானும் ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்க்கிறேன். எதற்கும் பார்த்துவைப்பது நல்லது.

காக்காவும் கேட்டிருக்கிறார். போன் எடுத்தார். "அண்ணன், என்ட மெசின் எடுத்த சத்தம் என்னா வடிவா வந்திரிக்கி! ஊட்ட எல்லாருக்கும் போட்டுக் காட்டின."

நல்ல நேரம் என்று நினைத்து, "அதுக்கு ஏதும் கழிவு உண்டா காக்கா?" என்றேன்.

"நானெண்டா கழிச்சிருவன். மொதலாளி போட்காஸ்ட் கேக்கிறல்ல."

வருடப்பிறப்புக்கு முதல் நாள் அவரைச் சந்தித்து ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். இன்னும் கொடுக்க இருப்பது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.