மாமா வேண்டாமென்ற ஜாக்கி

மாமா பழைய இரும்புக் கடைகளைச் சும்மா சுற்றி வருகிறார் என்று முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். அவர் அம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் நீராவிக் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடும் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் முடிந்ததும் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார். பலகை அறுக்கும் மெஷின் ஒன்றைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். மோட்டார், இரும்பு மேசை, வட்ட ரம்பம் எல்லாம் வந்துவிட்டன. ரம்பத்தை மேசைக்கு மேலே ஏற்றி இறக்க ஒரு திருகுதான் பாக்கி. அதைத் தேடியே ஒரு மாதம் போயிற்று. பொங்கலுக்குள் மெஷின் ஓடாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"நீயும் கூடப் போடி. இன்னா பண்றான்னு பார்த்துக்கினு வா," என்று என்னை அனுப்பினாள். பள்ளிக்கூடத்தைவிட உளவு பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடையில் மாமா ஒவ்வொரு திருகாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். பிறகு வைத்துவிட்டார். திருட்டு இரும்பைத் தேடிக் கம்பெனிகள் ஆள் அனுப்புவது உண்டு. கடைக்காரர் எழுந்து வந்தார்.

"வாங்க வந்தியா, மோப்பம் புடிக்க வந்தியா?"

மாமா அடுத்த திருகை எடுத்தார். கடைக்காரரே திருகு வைத்த ஒரு கார் ஜாக்கியைக் கொண்டுவந்து போட்டார். துரு இல்லை, ஆட்டம் இல்லை. மாமா அதை வலப்பக்கம் சுற்றிப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

"இதுல இன்னாபா கொறை?"

"இந்தப் பக்கம் திருப்புனா ஏறுதுண்ணா."

"ஜாக்கின்னா ஏறாம, ஆடிக் காட்டுமா? காலங்காத்தால பேஜாரு பண்ணாத, போ."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "நல்ல ஜாக்கிம்மா. ஏறுதுன்னு வாணாம்னுட்டாரு."

அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். "உழைக்க மனசில்லாதவனுக்கு ஜாக்கி ஏறுனாக்கூட குத்தமாடா?"

"என் கை கேக்காதுக்கா."

"வேலைன்னா யாரு கைதான் கேக்குது?"

மறுநாள் காலை மாமா பையுடன் ரயிலடிக்குப் போய்விட்டார். அம்மா எனக்கு முட்டை தோசை ஊற்றினாள்.

நானும் ஒன்பதாவதோடு நின்று, ஊர் ஊராகக் கம்பெனி மாறினேன். ஒன்றில் நான்கு வருடம் வால்வு வேலை. வலப்பக்கம் திருப்பினால் மூடும். ஆபத்தென்றால் நாம் யோசிப்பதற்குள் கை அப்படித் திரும்பிவிடும். அடுத்து மரம் அறுக்கும் பட்டறை. ஒருநாள் பலகை எகிறியது. ரம்பத்தை மேசைக்கடியில் இறக்கிவிட வலக்கை தானாகத் திருகை வலப்பக்கம் சுற்றியது. ரம்பம் இன்னும் மேலே வந்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

'இந்தப் பக்கம் திருப்புனா' என்றாரே, வலப்பக்கம் திருப்பினால் இறங்குகிற திருகைத்தான் மாமா தேடியிருக்கிறார். அது சுலபத்தில் கிடைக்காது. அன்று கடையில் நடந்ததில் ஒன்றையும் விடாமல் சொன்னேன் என்று அம்மா மெச்சினாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தோசையைத் தின்றேன்.