மாரியில் நிரம்பிய குழி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. களுதாவளையில் பிறந்த நானும் அப்படித்தான் வாவிக்கரையில் இருக்கும் என் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் மூன்று பேர். மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. நான் டவுனில் ஒரு போன் கடையில் வேலை. மூன்றாவது ஆள் மாமி. மாமா இறந்து கனகாலம்.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கோபமொன்றும் இல்லை, மருமகனோடு அளவோடு இருக்கவேண்டும் என்று பழகியவர். நான் விறாந்தைக்கு வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் டியூட்டிக்குப் போன நாட்களில் சுவரைப் பார்த்து, “சோறு ஆறப்போகுது” என்பார். நான் போய்ச் சாப்பிடுவேன்.

அந்த மார்கழியில் மழை விடவே இல்லை. வாவி ஏறி எங்கள் பின்வேலிவரை வந்து நின்றது. முகத்துவாரத்தில் மண்ணை வெட்டிக் கடலுக்கு வழி விட்டால்தான் தண்ணீர் இறங்கும், இன்னும் வெட்டவில்லை. கடையும் பூட்டு. மனைவி விடியவே வேலைக்குப் போயிருந்தாள். நான் டொய்லட்டுக்குள் போய், வேலை முடித்து, தண்ணீரை அடித்தேன். கொமட்டில் தண்ணீர் கீழே போகவேண்டியது, மேலே வந்தது. இப்ப இறங்கும், இப்ப இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அது விளிம்பைத் தாண்டி என் காலடிக்கு வந்தது. தண்ணீர் என்று நான் எழுதுவது மரியாதைக்காக.

வெளியே பாய்ந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“அம்மாட்டச் சொல்லுங்க” என்றாள்.

“நீ எடுத்துச் சொல்லன்.”

“நான் இஞ்ச பிள்ளப்பேறுக்கு நிக்கன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ளதானே நிக்கிறீங்க!” போனை வைத்துவிட்டாள்.

குசினிக்குள் மாமி சமைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று செருமினேன். “மாமி, டொய்லட் பொங்குது.” அவர் சுவரைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த இரண்டு சாக்குகளை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். ஹோலுக்குள் வரப்போன தண்ணீருக்குக் குறுக்கே ஒன்றைப் போட்டு, “மருமகன், கால எடுங்க” என்றார். அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நான் வாளியில் அள்ளினேன். பின்பக்கம் கொண்டுபோகத் திரும்பியபோது மறித்தார். “அங்கால கிணறு. முன்னுக்குக் கிடங்கு வெட்டி ஊத்துங்க.” முன்வளவில் மேடான இடத்தில் கிடங்கு வெட்டி, ஊற்றி, பிளீச்சிங் பவுடர் தூவி மூடினேன். அவர் உள்ளே டெட்டோல் போட்டுத் தேய்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டது நான் மட்டுந்தான்.

பிறகு டொய்லட் குழியைப் போய்ப் பார்த்தேன். மூடியைச் சுற்றித் தண்ணீர் கட்டி நின்றது. கூரைத் தண்ணீர் வேறு நேராக அதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மண்வெட்டியால் வாய்க்கால் கீறி அதை வேறு பக்கம் திருப்பினேன். மாமி குடை பிடித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பிடித்ததால் இரண்டு பேருமே நனைந்தோம். குழி இழுக்கும் பவுசர் லொறிக்காரருக்குப் போன் பண்ணினால், “ரோட்டுல தண்ணி வத்தட்டும் தம்பி. இப்ப இழுத்தாலும் ஊத்துத் தண்ணி வந்து நிரம்பிடும்” என்றார்.

மத்தியானம் மாமி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தனக்கு ஊற்றவில்லை. “குடிக்கல்லயா மாமி?” என்று கேட்டேன். “வேணாம்” என்றார். காலையிலும் அவர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்பிளை நான் எங்கேயாவது வேலியோரம் ஒதுங்கிவிடலாம். அவர் என்ன செய்வார்? விடியற்காலையிலிருந்து அடக்கிக்கொண்டு சாக்கும் குடையும் தூக்கியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எப்படிக் கேட்பது?

“மாமி, சின்ன மாமி வீட்ட ஒருக்காப் போய்ட்டு வருவமா?” என்றேன். அவருடைய தங்கச்சி வீடு மெயின் ரோட்டுப் பக்கம், மேட்டில்.

“மழயா இருக்கு.”

“குட இருக்குதானே.”

கொஞ்ச நேரத்தில் நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு வந்தார். என் மோட்டார் சைக்கிளில் அதுவரை ஏறியதில்லை. ஒருபக்கமாக இருந்து, என்னில் கை படாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் மறைந்திருந்த பள்ளத்தில் சில்லு இறங்கியபோது என் சேட்டின் முதுகுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தவர், பிறகு விடவில்லை.

“என்னக்கா, இந்த மழக்குள்ள?” என்றார் சின்ன மாமி.

“சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு” என்று சொல்லிக்கொண்டே மாமி நிற்காமல் வீட்டின் பின்பக்கம் போனார். சின்ன மாமி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். திரும்பி வந்த மாமி அங்கேயே இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார்.

தண்ணீர் இறங்கும்வரை காலையும் மாலையும் அந்தப் பயணம் நடந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரியிலேயே வசதி. அவள் சிரித்துக்கொண்டு திரிந்தாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்து மாமி கதைக்கத் தொடங்கினார். முகம் பார்க்காமல் கதைப்பது அவருக்கு லேசாக இருந்திருக்க வேண்டும். முழங்கால் வலி, பழுகாமத்து வயல், நான் கறிக்கு உப்புப் போதாது என்று ஒருநாளும் சொல்லாதது பற்றிய குறை, எல்லாம் வந்தது. “சொன்னாத்தானே தெரியும்” என்றார். அன்றைக்கு மாங்காய்க் கறிக்கு உப்புக் குறைவு என்று சொன்னேன். “இப்ப மட்டும் வாய் வந்திட்டு” என்றார்.

முகத்துவாரம் வெட்டிய பிறகு வாவி மளமளவென்று இறங்கியது. ரோடு காய்ந்ததும் பவுசர் வந்து குழியை இழுத்தது. அன்று பின்னேரம் மூன்று பேரும் கொமட்டைச் சுற்றி நின்றோம். நான் தண்ணீரை அடித்தேன். சுழன்று, ஒரு சத்தம் போட்டு, கீழே போனது.

“மருமகன்,” என்றார் மாமி, “வாற ஞாயிறு லீவுதானே? அடுத்த மாரிக்குத் தண்ணி உள்ள போகாம குழிக்கு ரெண்டு வரி கல்லு ஏத்திக் கட்டுவம்.”

ஞாயிறு நான் கட்டினேன். அவர் கல் எடுத்துத் தந்து, கோணலாக வைத்ததையெல்லாம் திரும்ப வைக்கச் சொன்னார்.