பத்தாவது பெயர்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் அதே பேருந்து என்னைக் கடந்து போகும், டிரைவரைத் திட்டுவேன். வகுப்பிலும் அப்படித்தான். கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும். யோசித்துவிட்டு மெதுவாக எழுந்து நிற்பவர்களை "உக்காரு, உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். கெட்டிக்காரப் பிள்ளையை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆசிரியர் கூட்டங்களில் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளி. என் வீடு பழனிசெட்டிபட்டியில். எங்கள் தெருவில் காலை ஏழரைக்கே மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். நான் மட்டும் என் மகனை ஆறாம் வகுப்பிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே சேர்த்தேன். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியாரில் படிக்க வைக்கிறாள், ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம். கொள்கை பாதி, வீம்பு பாதி. இருவரும் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் வருவோம். அவன் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு உண்டு. அதில் தேறினால் மாவட்டத்திலேயே நல்ல உறைவிடப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைக்கும். தங்க இடம், தனிப் பயிற்சி, நல்ல ஆய்வகம் எல்லாம் உண்டு. விதிப்படி எழுத விரும்பும் யாரும் எழுதலாம். ஆனால் எங்கள் பள்ளியிலிருந்து பத்துப் பேர்தான் போவார்கள். அது தலைமையாசிரியர் போட்ட விதி. நாற்பது பேரை அனுப்பி எட்டுப் பேர் தேறினால் கூட்டத்தில் தலைகுனிய வேண்டும். பத்துப் பேரை அனுப்பி எட்டுப் பேர் தேறினால் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவார்கள். எட்டு என்னவோ அதே எட்டுத்தான். இந்தக் கணக்கை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னதில்லை. கைதட்டலில் எனக்கும் பங்கு இருந்தது.

அந்தப் பத்துப் பேரைப் பொறுக்கப் பள்ளியிலேயே ஒரு தேர்வு வைப்போம். தேனியில் வாங்கிய ஒரு கைடிலிருந்து தொண்ணூறு கேள்விகளை எடுத்துத் தாள் தயாரித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலேயே திருத்தத் தொடங்கி அடுத்த பாடவேளைக்குள் நாற்பது தாளையும் முடித்துவிட்டேன். ஒரு பக்கம் விடைக்குறிப்பு, ஒரு பக்கம் சிவப்புப் பேனா. அ, ஆ, இ, ஈ என்று எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். பத்தாவது இடம் என் மகனுக்கு. அவனைவிட ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து பதினொன்றாவதாக ஒரு பெண்.

ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் கணக்குப் படிக்கிறாள். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. வேலை மும்முரமான நாட்களில் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் வீட்டில் நின்றுவிடுவாள். வருகைப் பதிவில் அவள் வரிசை ஓட்டையும் உடைசலுமாக இருக்கும். என் மனதில் அவளுக்கு நான் ஒட்டி வைத்திருந்த சீட்டு 'சுமார்' என்பது. பதினொன்றாவது வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதோடு அதை மறந்தும்விட்டேன். பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு" என்று அறிவியல் டீச்சர் கிண்டலடித்தார். மார்க்கைப் பாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேருந்தில் வரும்போது மகன் சும்மா இருக்க மாட்டாமல் வாயைத் திறந்தான். அந்தத் 'தனித்திருப்பது எது' கேள்வி நம் வீட்டுக் கைடிலேயே இருந்ததாம். போன மாதமே போட்டுப் பார்த்துவிட்டானாம். எனக்குச் சுருக்கென்றது. தாள் தயாரித்த கைடும் அவன் மேசையில் கிடந்த கைடும் ஒன்று என்பது அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை. எத்தனை கேள்வி அப்படி என்று கேட்டேன். அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பதினொன்றாவது வந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவன் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"அவ வாழைன்னு போட்டாம்மா. வாழை ஒரு தடவதான காய்க்கும், மத்ததெல்லாம் திரும்பத் திரும்பக் காய்க்கும்ல, அதான்னு சொன்னா. நீ தப்புப் போட்டுட்ட."

கேள்வி இதுதான்: தென்னை, வாழை, திராட்சை, முருங்கை. இவற்றில் தனித்திருப்பது எது? கைடின் விடை திராட்சை. மற்றவை மரம், அது கொடி. நான் பார்க்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை, குறிப்பு சொன்னபடி வாழைக்கு ஒரு சிவப்புச் சுழி போட்டேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் வாழைத் தோட்டத்துக்காரர் மகள். கம்பத்துக்குப் பக்கம் அப்பாவின் வாழைக்குள்தான் வளர்ந்தேன். குலையை வெட்டியதும் மரத்தையும் சாய்த்துவிடுவார்கள், பக்கக்கன்றுதான் அடுத்து வரும் என்பது எனக்குப் பால்பற்களோடு முளைத்த அறிவு. அதுவும் போகட்டும், வாழை மரமே கிடையாது என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஊர்க் கணக்குப்படியும் பாடக் கணக்குப்படியும் அந்தப் பெண் சொன்னது சரி. கையில் சிவப்புப் பேனா இருந்ததால் எனக்கு இரண்டுமே மறந்துபோயிருந்தது.

அன்று வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். ஒரு மார்க்குத்தானே விடு என்றார் வீட்டுக்காரர். ஒரு மார்க் ஏறினால் இரண்டு பேரும் சமம். சமமானால் தலைமையாசிரியர் வருகைப் பதிவைப் பார்ப்பார். என் மகன்தான் நிற்பான். ஆக ஒன்றும் மாறப் போவதில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்று மனம் வழி காட்டியது. அப்படி அது வழி காட்டிய வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாகிவிட்டது. என் மகனுக்கு அந்த மார்க் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்றே.

சனிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயர்களைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் எந்தப் பட்டியலையும் குச்சனூருக்குக் கொண்டுபோய்ச் சனீஸ்வரர் காலடியில் வைத்து எடுக்காமல் அனுப்ப மாட்டார். வைத்து எடுத்த பட்டியலில் ஒரு எழுத்தை மாற்றவும் மாட்டார். கடைசி நாள் சனிக்கிழமையாக அமைந்ததே தெய்வச் செயல் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். போன் போட்டேன், கோயிலில் அவர் போனை எடுப்பதில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குச்சனூருக்கு ஓடினேன்.

சனிக்கிழமைக் கூட்டம். எள் விளக்கு விற்பவர்கள், காக்கைக்குச் சோறு வைப்பவர்கள், ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வருபவர்கள். அரை மணி நேரம் தேடினேன். வரிசையில் எனக்குத் தெரிந்த வழுக்கைத் தலை ஒன்று சன்னதிக்கு இருபது பேர் முன்னால் தெரிந்தது. இடித்துக்கொண்டு போனேன், நாலு பேர் திட்டினார்கள். மூச்சு வாங்க, "இன்னும் வைக்கலைல சார்?" என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார்.

வரிசை நகர நகர விஷயத்தைச் சொன்னேன். வாழையை அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவரும் தோட்டம் வைத்திருப்பவர். பதினொரு பேராக அனுப்பலாம் என்றேன். மொய் எழுதும்போதுகூடப் பதினொன்றுதானே நல்லது என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"தேர்ச்சி சதவீதத்துக்கு மொய் எழுத முடியாது டீச்சர்" என்றார். முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். "பத்துத்தான். வேணும்னா ஒரு பேர எடுத்துட்டு அவ பேரப் போடுவோம். எந்தப் பேர எடுக்கச் சொல்றீக?"

அவர் நல்ல மனிதர். என்னைச் சிக்க வைக்கக் கேட்கவில்லை. இதைக் கேட்டால் நான் பேசாமல் திரும்பிவிடுவேன், எல்லோருக்கும் நல்லது என்றுதான் கேட்டார். என் மகன் வேகமானவன், எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குபவன். அவன் என் வார்ப்பு. அவன் கெட்டிக்காரன்தானா, அல்லது என் வீட்டு மேசையில் கைடு கிடந்ததால் கெட்டிக்காரனா என்று அந்த வரிசையில்தான் முதல்முறையாக யோசித்தேன். விடை தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"எம் பையன் பேர" என்றேன். கூட்டச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறையைவிட இரண்டாம் முறை கஷ்டமாக இருந்தது.

"பையன்கிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அவர் பட்டியலை என் முதுகில் வைத்தே அடித்துத் திருத்தினார். பேனா முனை முதுகில் ஓடுவது நன்றாகத் தெரிந்தது. பெற்றோர் கையெழுத்தும் போட்டோவும் வாங்கி மூன்று மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு, ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சன்னதிக்குள் போனார். வெளியே வந்து மகனுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கப்புறம் மூன்று நாள் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் அவன் உட்காரவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். கணக்கு டீச்சர் சனிக்கிழமை வீடு தேடி வந்தால் எந்தப் பிள்ளைக்கும் உதறல்தான். வாழை என்று ஏன் போட்டாய் என்று கேட்டேன். அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. அவளோ, "தப்புன்னா மாத்திப் போட்டுர்றேன் டீச்சர்" என்றாள். சரிதான், மாற்றாதே என்று சொல்லிப் போட்டோவை வாங்கிக்கொண்டு அம்மா வேலை செய்யும் தோட்டத்தைக் கேட்டுப் புறப்பட்டேன். மணி ஒன்றரை.

அவள் பெயர் அன்று நாலரைக்கு ஏறிவிட்டது, தேர்வும் எழுதினாள், தேறினாள். இன்று அந்த உறைவிடப் பள்ளியில்தான் படிக்கிறாள். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் அந்தத் தோட்டத்துக்குப் போன நிமிடத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஆறேழு பெண்கள் தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி, கொத்துகளில் நெருக்கமாக இருந்த பிஞ்சுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். பெற்ற பிள்ளையின் இடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்ற மிதப்பு எனக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த அம்மாவை ஓரமாக அழைத்து, உங்கள் மகள் ரொம்பக் கெட்டிக்காரி, பெரிய தேர்வுக்கு அனுப்பப் போகிறோம் என்று சத்தமாகவே சொன்னேன். மற்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தேன். கண் கலங்குவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கத்தரியை இடுப்பில் செருகினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தார். நான் மணியைப் பார்த்தபடி காலை மாற்றி மாற்றி நின்றேன். பெண்பிள்ளைகளுக்குத் தனி விடுதியா, மாதம் ஒரு முறை வீட்டுக்கு விடுவார்களா, தம்பியை யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டார். பந்தலைத் தாங்கும் கல்காலில் படிவத்தை வைத்து முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை என்னிடம் நீட்டியவர் கையை எடுக்கவில்லை. கோபமாகவெல்லாம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவ கெட்டிக்காரிங்கிறது இங்கன இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும் டீச்சர். மூணு வருசமா ஒங்க வகுப்புலதான இருக்கா. ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. மற்ற பெண்களும் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார்கள்.

"நேத்துச் சாயங்காலம்" என்றேன்.