முயல் விளக்கு வேனில் எரிந்தது, வீட்டில் வெடித்தது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இரவு மணி ஒன்றே கால். மகள் இப்போதுதான் தூங்கினாள். அதுவும் ஹாலில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

வருகிற சனிக்கிழமை ஏலகிரிக்குக் கிளம்புகிறோம். எங்கள் பழைய வேனில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டிருக்கிறோம். நான்கு வயது மகிழினிக்கு முயல் வடிவப் படுக்கை விளக்கு எரிந்தால்தான் தூக்கம். வேனில் இருப்பதோ பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதனால் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் குமார் அண்ணா, அதே ஹோல்டரில் பொருந்தும் பன்னிரண்டு வோல்ட் பல்பை விளக்கில் மாட்டினார். 160 ரூபாய். பிளக்கை வெட்டப் போனவரை நான்தான் தடுத்தேன். வேனிலும் வீட்டு சாக்கெட்டே இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் பழைய பல்பை மாட்டிக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

"மறந்துடப் போறீங்க மேடம்."

"அதெல்லாம் மறக்க மாட்டேண்ணா."

நேற்று ஞாயிறு, பயணத்துக்கு ஒத்திகை. மாலை 5.10க்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் கிளம்பி, தாம்பரம் வழியாகத் திருநீர்மலை அடிவாரம். 12 கிலோமீட்டர்தான், நெரிசலில் ஐம்பது நிமிடம் ஆனது. திரையை இழுத்துவிட்டு முயலையும் சின்ன ஃபேனையும் போட்டோம். பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. படுக்கைக்கு அடியில் ஒயர் ஜாயின்ட்டைத் தொட்டேன். சுட்டது.

"குழந்தைக்குக் காய்ச்சல் பாக்கற மாதிரி ஒயரையும் தொட்டுப் பாரு" என்று சிரித்தார் கணவர். குமார் அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

"பன்னண்டு வோல்ட்டு இன்னா மேடம் பண்ணும்? கொசு கட்ச்சாக்கூட அத்தவிட வலிக்கும். ஜாயின்ட்டு லூசா கீது, நாளைக்கு வந்து முறுக்கி வுட்டுடறேன்."

"ஷாக் அடிக்காது சரிண்ணா. தீப்பிடிக்காதா?"

"புடிக்காது மேடம். எதுக்கும் பாத்துக்குங்க" என்றார். அந்த 'எதுக்கும்'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

வீடு திரும்பும்போது எட்டரை. தூங்கும் மகிழினியைக் கட்டிலில் கிடத்தினேன். கை பழக்கத்தில் முயலைச் சுவரில் செருகி சுவிட்சைப் போட்டது. டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். பன்னிரண்டு வோல்ட் பல்பை மாற்ற மறந்திருந்தேன். அவள் தலையணையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. "அம்மா, முயல் செத்துப்போச்சா?" என்று அழுதாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறையில் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இதுபோல் செய்ய நினைப்பவர்களுக்கு: வீட்டு விளக்கை வேனுக்கு மாற்றினால் முதல் வேலையாகப் பழைய பிளக்கை வெட்டிவிடுங்கள். வீட்டில் எங்கேயும் செருக முடியாத வேறு வகை பிளக் போடுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது ஒன்று. பேட்டரி விற்ற கடைக்காரர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுக்கவே கூடாது என்றார். குமார் அண்ணா இவ்வளவு சின்ன லோடுக்கு அது தண்டம் என்கிறார். இரண்டு பேருமே இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவர்கள். நான் படித்தது பி.காம். அந்த ஒயருக்கு மேலேதான் என் மகள் படுக்கப் போகிறாள்.

ஒரு ஒன்பது வாட் விளக்கு, ஒரு சின்ன ஃபேன். ஃபியூஸ் வேண்டுமா, எத்தனை ஆம்பியர்? வேனில் விளக்கு போட்டவர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.