எர்த் அண்ணனும் பச்சை ஒயரும்

அவரை எல்லோரும் எர்த் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எலெக்ட்ரீஷியன் தொழிலில் முப்பது வருஷம். ஒரு டியூப்லைட் மாட்டக் கூப்பிட்டால்கூட முதல் கேள்வி, "வீட்ல எர்த் இருக்கா?" இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்த பிறகுதான் ஏணியில் ஏறுவார். இல்லை என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான். கசியும் கரண்ட் இறங்கிப்போக மண்ணில் ஒரு வழி வேண்டும், அதுதான் எர்த், அது இல்லாத வீட்டில் ஆளே வழியாகிவிடுவான் என்று அரை மணி நேரம் விடமாட்டார். "பொண்ணு பாக்கப் போன வீட்லயும் இதைத்தான் கேட்டிருப்பாரு" என்று சாமான் கடைக்காரர் அவர் காதுபடவே சொல்வார். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே தங்கை. எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு ஆறு வீடு. அந்த அலைச்சலுக்காகத்தான் பெட்ரோலிலும் கரண்ட்டிலும் ஓடுகிற ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினாள். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டால் ஆறு வீட்டையும் கரண்ட்டிலேயே சுற்றி வந்துவிடலாம் என்பது கணக்கு.

ஒரு நாள் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, கார் வாங்கி ரெண்டு வாரமாச்சு, வீட்ல சார்ஜே ஏறல. பிளக்கைச் சொருகினா சிவப்பு லைட்டு எரியுது. சர்வீஸ் சென்டர்ல வீட்டு லைனைப் பாருங்கன்னுட்டாங்க. அம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"வீட்டு லைனா? அது நான் போட்ட லைனு" என்றார். அவருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தனியாளாக அவர் எடுத்துச் செய்த முதல் முழு வீடு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றார். தங்கைக்கு முகம் மலர்ந்தது, கையில் டூல்ஸ் பையைப் பார்த்ததும் கொஞ்சம் வாடியது.

"எதுக்குண்ணா இதுக்குப் போய் அலையுற. கோளாறு வண்டிலதான். நான் பெட்ரோல்லயே ஓட்டிக்கிறேன்."

"நீ சும்மா இரு. என் லைன் மேல ஒருத்தன் குத்தம் சொல்லிட்டான், நான் பாக்காம போவேனா?"

சார்ஜ் ஏறும் நேரத்தைக் காரிலேயே தள்ளி வைக்கலாமாம். தங்கை மகளைத் திரையில் பார்க்கச் சொன்னார். அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளாகக் கிடந்தது. சுருளில் சூடேறும் என்று திட்டிவிட்டு அதைத் தூக்கி எறிந்து, நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகினார். சிவப்பு. சாக்கெட்டையே கழற்றிப் புதிதாகப் போட்டார். அதற்கும் சிவப்பு. அடுத்த தெருவிலிருக்கும் நண்பரின் பட்டறைக்குக் காரையே ஓட்டிப்போய்ச் சொருகினார். பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது. அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை.

டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். கரண்ட் வரும் பேஸிலும் திரும்பும் நியூட்ரலிலும் வைத்தால் எரிந்தது. பேஸிலும் எர்த்திலும் வைத்தால் எரியவில்லை. பல்பைத் தட்டிப் பார்த்தார். சமையலறைக்குப் போனார், படுக்கையறைக்குப் போனார். எங்கேயும் எரியவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி மெயின் போர்டைத் திறந்தார். தங்கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவர் போடாத டிரிப் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால், மூலையில், எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் சேராமல் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியில் டேப் ஒட்டிப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. டேப்பின் முனையை மடித்துவிட்டு ஒட்டுவது அவர் பழக்கம். மறுநாள் உரிக்கச் சுலபமாக இருக்கும் என்பதற்காக.

அந்த மறுநாள் வரவேயில்லை. அன்றைக்கு எர்த்துக்காக இரண்டடி தோண்டியதும் பாறை தட்டியது, நாளைக்கு வந்து மண்ணில் இரும்பு ராடு இறக்கிவிடலாம் என்று குழியை மூடினார். மறுநாள் ஒரு மில்லில் பெரிய வேலை கூப்பிட்டுவிட்டது. பிறகு அது மறந்தே போனது. வீட்டில் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. காருக்குத்தான் தெரிந்தது. எர்த் இல்லாத இடத்தில் அந்த சார்ஜர் வேலை செய்யாது.

போர்டில் ஒரு ஒயர் லூஸ் என்று சொல்லிவிடலாம். குழியைத் தோண்ட ஏதாவது சாக்குக் கிடைக்காமலா போகும். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கீழே பார்த்தார். ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இந்த வீட்டுக்கு எர்த் இல்லம்மா" என்றார். "நான்தான் போடாம விட்டுட்டேன்."

"தெரியும்ணா. எறங்கு மொதல்ல."

இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் கிள்ளுகிற மாதிரி இருக்குமாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏசி மாட்ட வந்தவர் பார்த்து, எர்த் இல்லை என்று சொல்லியிருக்கிறார். குழி தோண்டினால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று, ஷாக் அடித்தால் உடனே கரண்ட்டை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றை மட்டும் போடச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள்.

துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் ஓரமாக, ஈர மண்ணாகப் பார்த்துத் தோண்டினார். ஐம்பது வயதுக்கு மேல் குழி தோண்டுவது லேசான காரியமில்லை; மூச்சு வாங்கியது. ராடை இறக்கி, ஈரம் காக்கக் கரியும் உப்பும் போட்டு மூடினார். தங்கை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். இடையில் இரண்டு தடவை கேட்டார், "ஏம்மா சொல்லல?" அவள் குடத்தோடு குழாய்க்குப் போய்விட்டாள்.

பச்சை ஒயரை இழுத்து ராடோடு முடுக்கி, மெயினைப் போட்டு, காருக்கு பிளக்கைச் சொருகியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகள் கைதட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை, தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லும்மா."

"சொல்லியிருந்தா நீ வந்து போட்டுக் குடுத்திருப்ப. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட" என்றாள். "நீ வராத வீட்ல நான் எப்படிண்ணா இருக்குறது?"

எர்த்தைப் பற்றி யாரிடமும் அரை மணி நேரம் பேசக்கூடிய மனிதர். வாசற்படியில் உட்கார்ந்து, சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.