மதலேனா வீட்டுத் தண்ணி

எங்க அண்ணி அல்போன்சம்மாளுக்குப் பொறாமை வரும்னு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். கெர்பாவ் ரோட்டு வாடகை அறையில, ஏழெட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய். அங்க இருந்த காலத்துல அடுத்தவ புடவையையோ நகையையோ அவங்க ஏறெடுத்துப் பார்த்ததில்ல. எழுபத்தெட்டுல அங் மோ கியோ அடுக்குமாடியில புது வீடு கிடைச்சு வந்தோம். அங்க வந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது, அதுவும் ஒரு மீன்தொட்டியால!

நான் பிலோமினம்மாள், சூசைநாதனோட தங்கச்சி. தோ பாயோ ஃபேக்டரியில வேலை பார்த்துக்கிட்டு அண்ணன் வீட்லதான் இருந்தேன். அதனால இதுல ஒண்ணும் காதால கேட்டது இல்ல, எல்லாம் கண்ணால பார்த்தது.

அண்ணன் கப்பல் பட்டறையில வெல்டர். நாள் பூரா நெருப்பும் புகையும்தான். கல்யாணமாகி வருஷம் பல ஆச்சு, பிள்ளை இல்ல. புது வீட்டு ஹால்ல ஒரு மீன்தொட்டி வைக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. சிராங்கூன் ரோட்டுல தொட்டி வாங்கி, டாக்ஸியில மடியில வச்சுக் கொண்டு வந்துச்சு. குழாய்த் தண்ணியை ரொப்பி, அன்னைக்கே ஒரு பட்டாளம் மீனை உள்ள விட்டுச்சு. பசிக்குமேன்னு காலையும் மாலையும் கை நிறைய தீனி வேற. தண்ணி கஞ்சி மாதிரி கலங்கிப்போச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பார்த்தா, எல்லாம் வயித்தைக் காட்டி மிதக்குது. மறுபடி வாங்குச்சு, மறுபடியும் மீன் செத்துச்சு. "இன்னொரு தடவை செத்தா தொட்டியைத் தூக்கிக் குப்பையில போட்டுருவேன்"னு சொல்லிட்டு, யாரோடயும் பேசாம உட்கார்ந்திருந்துச்சு.

அப்பத்தான் மதலேனா வந்தா. எங்க புளோக்குலயே மூணாவது மாடி, நாங்க ஏழாவது. ஆஸ்பத்திரி நர்ஸ், கல்யாணம் கட்டிக்கல, ஓஃபிர் ரோட்டு மாதா கோயில்ல பாட்டுக்குழுவுல பாடுவா. ரொம்ப வருஷமா மீன் வளக்கிறவ. கோயில் வாசல்ல அண்ணன் புலம்புறதைக் கேட்டுச் சிரிச்சா.

"சூசை அண்ணே, புதுத் தொட்டின்னா அப்படித்தான். மீன் போடுற கழிவு தண்ணியிலயே விஷமாயிடும். அதைத் தின்னுற கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க பழைய தொட்டிப் பஞ்சுலயும் கல்லுலயும்தான் இருக்கும். நான் கொஞ்சம் தர்றேன், வந்து எடுத்துக்குங்க. குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கு, வாளியில பிடிச்சு ஒரு நாள் வச்சுட்டு ஊத்துங்க. முழுசா மாத்தாதீங்க லா, கால்வாசி போதும். தீனி ஒரு சிட்டிகைதான்."

அண்ணன் வாளியைத் தூக்கிக்கிட்டுக் கீழ போச்சு. அழுக்குப் பஞ்சு, பாசி பிடிச்ச கல்லு, கொஞ்சம் பழைய தண்ணி, எல்லாத்தையும் பொக்கிஷம் மாதிரி கொண்டு வந்துச்சு. இந்தத் தடவை மீன் பொழைச்சுக்கிச்சு. அண்ணன் முகமும் தெளிஞ்சுது. எங்க அண்ணி முகம்தான் கறுத்துது.

பின்ன என்ன? வேலை விட்டு வந்தா மொதல்ல தொட்டி, அப்புறம்தான் பெண்டாட்டி. தண்ணி கொஞ்சம் நாறுது, கேட்டுட்டு வர்றேன். ஏஞ்சல் மீன் சாப்பிடல, கேட்டுட்டு வர்றேன். எதுக்கெடுத்தாலும் மூணாவது மாடிதான்.

"மீனைப் பத்திக் கேக்கப் போறதுக்குத் தலை சீவணுமா பிலோமி?"ன்னு அண்ணி ஒரு நாள் என்கிட்ட பொரிஞ்சாங்க. "என் வீட்டுக் குழாயில வர்ற சுத்தமான தண்ணி ஆகாது, அவ வீட்டு அழுக்குத் தண்ணிதான் ஆகுதாக்கும்! சக்களத்தியைக் கொண்டாந்து ஹால் நடுவுல லைட்டு போட்டுல்ல வச்சிருக்காரு!"

நான் சிரிச்சுட்டேன். அண்ணி சிரிக்கல. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "எனக்கு ஒரு பிள்ளை இருந்தா இவரு அங்க போவாரா?"ன்னாங்க.

பாஸ்காப் பண்டிகை முடிஞ்சதும் கிள்ளான் துறைமுகத்துல ஒரு கப்பல் பழுதுன்னு அண்ணனை அனுப்பிட்டாங்க. கிளம்பும்போது அது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "நீ தண்ணியைத் தொடாத. ஏதாவதுன்னா மதலேனாவைக் கேளு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அண்ணி கதவைச் சாத்தினாங்க பாருங்க, ஜன்னல் அதிர்ந்துச்சு.

அந்த வாரம்தான் மாதா கோயில் சாமியார் எங்க வட்டாரத்துல வீடு வீடா ஜெபம் பண்ணி மந்திரிக்க வர்றாரு. நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவா வேணும்? சாமியார் வர்றாருன்னா கூரையிலேருந்து கக்கூஸ் வரைக்கும் கழுவணும். அண்ணி தரையைத் தேய்ச்சாங்க, ஜன்னலைத் தேய்ச்சாங்க, அப்புறம் தொட்டி முன்னாடி வந்து நின்னாங்க. கண்ணாடியில பச்சைப் பாசி. "தீர்த்தம் தெளிக்கிற வீட்ல இந்தச் சாக்கடையா?"ன்னு மீனைக் குண்டானுக்கு மாத்திட்டு, தொட்டியைக் கவுத்துக் கொட்டி, கல்லு, பஞ்சு எல்லாத்தையும் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால தேய்ச்சு எடுத்துட்டாங்க. நான் வேலை விட்டு வந்தப்ப, நேராக் குழாயிலேருந்து பிடிச்ச தண்ணி பளிங்கு மாதிரி நிக்குது, மீனும் அதுக்குள்ள. "பாரு, இதுதான் என் வீட்டுத் தண்ணி"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே சாமியார் வந்தாரு, தீர்த்தம் தெளிச்சாரு, தொட்டியைப் பார்த்து நல்லாருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து மூச்சுக்குத் தவிக்குது. ஒண்ணு சாஞ்சே போச்சு.

"விடுங்க அண்ணி, செத்தா சாகட்டும். தொட்டி போச்சுன்னா மூணாவது மாடிக்குப் போற வேலையும் போச்சு"ன்னேன். எனக்கு அந்த மதலேனா மேல எரிச்சல்தான், ஏன் மறைக்கணும்?

அண்ணி அந்த மீனுங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "அவரு அழுவாரு பிலோமி"ன்னு சொல்லிட்டு வாளியை எடுத்தாங்க. நானும் ஒண்ணைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே மூணாவது மாடிக்கு இறங்கினேன்.

மதலேனா டூட்டிக்குக் கிளம்பி யூனிஃபார்மோட வாசல்ல நிக்கிறா. விஷயத்தைக் கேட்டதும் திட்டல. "அக்கா, சாவி இந்தாங்க. என் தொட்டியிலேருந்து தண்ணி எடுத்துக்குங்க, மீனை மொதல்ல அதுல மாத்துங்க. ஃபில்டர்ல ரெண்டு பஞ்சு இருக்கு, ஒண்ணைக் கழுவாம எடுத்துட்டுப் போய் உங்க தொட்டியில அப்படியே வைங்க"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடினா.

எதிரி வீட்டுச் சாவி கையில கிடைச்சா விடுவாங்களா அண்ணி? வாளி ரொம்புற நேரத்துல போலீஸ்காரன் மாதிரி கண்ணால வீட்டையே சலிச்சுட்டாங்க. சமையல்கட்டுல எட்டிப் பார்த்தாங்க. கழுவிக் கவுத்தி வச்சிருந்தது ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கோப்பை. அதைப் பார்த்ததும் அண்ணி நிம்மதியா மூச்சு விட்டாங்க. லிஃப்ட் சில மாடியிலதான் நிக்கும், எங்க மாடியில நிக்காது, ஆளுக்கு ஒரு வாளியா மாடிப்படியிலயே தூக்கிக்கிட்டு ஏறினோம். சாஞ்ச மீன் பொழைக்கல. மத்ததெல்லாம் பொழைச்சுக்கிச்சு.

அப்புறம் அண்ணி யாரையும் நம்பல. தினமும் வாளியில தண்ணி பிடிச்சு மறுநாள்தான் ஊத்தினாங்க. அதுலயும் தண்ணி வாடையை மோந்து பார்த்து, கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊத்தினாங்க. அந்தப் பஞ்சை யாரும் தொடக்கூடாது. தீனி போடப் போன என் கையைத் தட்டி விட்டாங்க. தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு தொட்டி பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சாங்கன்னா பார்த்துக்குங்க.

அண்ணன் திரும்பி வந்துச்சு. பையைக் கூட இறக்கல, நேராத் தொட்டிகிட்ட போய்க் குனிஞ்சு பார்த்து, முகமெல்லாம் பல்லு.

"அடேயப்பா! மதலேனா கைபட்டா பட்டதுதான்! எவ்வளவு தெளிவா வச்சிருக்காங்க பாரு!"

எனக்கு ரத்தம் கொதிச்சுது. வாயைத் திறக்கப் போனேன், அண்ணி என் கையை அழுத்திப் பிடிச்சாங்க. அண்ணன் பையிலேருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கிட்டு, "நன்றி சொல்லிட்டு வந்துடறேன்"னு கண்ணாடி முன்னாடி போய்த் தலை சீவுச்சு.

"போயிட்டு வாங்க"ன்னாங்க அண்ணி. "ஆனா இனிமே அங்கேருந்து தண்ணி கொண்டு வராதீங்க. இந்த வீட்டுத் தண்ணியிலயே மீன் பொழைக்கும். நான்தான் பொழைக்க வச்சேன்."

அண்ணன் சீப்பைக் கையில வச்சுக்கிட்டு அண்ணியைப் பார்த்துச்சு. "நீயா?"ன்னுச்சு. அண்ணி அழுதுட்டாங்க. அண்ணன் சீப்பை வச்சுட்டு அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்துச்சு.

அண்ணன் கீழ போகல. வாங்கி வந்த பொருளை வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? நானே டின்னை எடுத்துக்கிட்டு மூணாவது மாடிக்குப் போனேன். கதவைத் தட்டின உடனே திறந்தா மதலேனா. வீட்ல இருக்கிறவ பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வச்சிருக்கா. பின்னால மேசையில ரெண்டு கோப்பை காப்பி ஆவி பறக்குது. அண்ணன் பையோட மாடியேறினதைப் பார்த்திருப்பா போல.

டின்னை நீட்டினேன். அவ அதைப் பார்க்கவே இல்ல. என் தோளுக்கு மேலால மாடிப்படியையே பார்த்துக்கிட்டு, "அவரு வரலையா?"ன்னு கேட்டா.

அண்ணி வயிறெரிஞ்சது சும்மா இல்ல. இதை மட்டும் நான் மேல போய்ச் சொல்லல.