பெடல் மிதிக்காத சாலை

எங்கள் நீர்வளத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைபவரை எல்லோரும் சைக்கிளக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடமாக அதே சைக்கிள், அதே முணுமுணுப்பு. மேற்கு ஊரின் கடைசித் தெருவில் வீடு. அங்கே குழாய் கிடையாது. லாரித் தண்ணீர்தான், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். அந்த நாட்களில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடத்தோடு வரிசையில் நிற்பார்.

முதன்முறையாக எங்கள் ஊருக்கும் மேற்கு ஊருக்கும் சேர்த்து ஒரே குடிநீர்த் திட்டம் போட்டோம். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து, மோட்டார் இல்லாமல், தானாக இறங்கிப் போகும் தண்ணீர். அக்காவின் தெரு மட்டும் திட்டத்தில் இல்லை. வரைபடப்படி அது தொட்டியைவிட ஆறு மீட்டர் உயரம். வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிட்டால் அடுத்த திட்டத்துக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

"அது எப்படி சார்? சாயங்காலம் இங்கேர்ந்து வீட்டுக்குப் போறப்ப நான் பெடலே மிதிக்கிறதில்ல," என்றார் அக்கா, பொறியாளரிடம்.

"உங்க தெருன்னுதானே பேசறீங்க? மேப்பைவிட உங்க சைக்கிளுக்கு அதிகம் தெரியுமா?" என்று அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், வெட்கம்கெட்டவன்.

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு ஊர் வரைபடங்களையும் சேர்த்து ஒட்டியது யார் என்று கேட்டார். நான்தான். இரண்டின் விளிம்பிலும் ஒரே பாலம் வந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒன்றைக் கத்தரித்துவிட்டேன். அந்தத் துண்டு என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். பாலத்தின் உயரம் எங்கள் ஊர்த் தாளில் எழுபத்தெட்டு மீட்டர், மேற்கு ஊர்த் தாளில் தொண்ணூற்றிரண்டு.

நாங்கள் கடல் மட்டத்திலிருந்து அளந்திருந்தோம். அவர்கள் எந்தக் காலத்திலோ தங்கள் நகர்மன்ற வாசற்படியை நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து அளந்திருக்கிறார்கள். அவர்கள் வரைக்கும் எல்லாம் சரி. நான் ஒட்டிய பிறகுதான் குளறுபடி: மேற்கு ஊர் முழுவதும் பதினான்கு மீட்டர் மேலே ஏறிவிட்டது.

பொறியாளர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கும் அளந்து பாத்துடலாம். மட்டம் பாக்கற கருவியை எடுத்துட்டு வாங்கம்மா."

"நான் தொட மாட்டேன் சார். அப்புறம் என் தெருன்னு நானே மாத்திட்டேம்பீங்க. நீங்களே பாருங்க."

வியாழக்கிழமை வெயிலில் தொட்டியிலிருந்து அவரே அளந்துகொண்டு போனார். அளவுகோலைப் பிடித்தவன் நான். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். கடைசி வீட்டு வாசலில் நின்று பொறியாளர் கூட்டிக் கழித்தார். தெரு, தொட்டியைவிட எட்டு மீட்டர் தாழ்வு.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றவர், சைக்கிள் இருக்கையிலேயே தாளை விரித்து, கடைசி வீடு வரைக்கும் சிவப்பு மையில் குழாய்க் கோட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் வால்வைத் திறந்த காலையில் தெருவே அக்காவின் வாசலில் நின்றது. குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் பாய்ந்து வந்தது. குடம் நிரம்பி, வழிந்து, வாசலெல்லாம் ஓடியது. அலுவலகத்தில் ஒரு குழாய் சொட்டினாலே ஊரைக் கூட்டுகிற அக்கா, மூடப் போன மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கத்தை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."